ஓடத் தேவையில்லாத ஸோனை என்ன செய்வது? தோட்டத் தெளிப்பான்களுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

முன்பக்கப் புல்தரையில் பாதி, இரண்டாவது காருக்காகச் சிமெண்டு ஆகிவிட்டது. பின்பக்கம் சமையலறை நீண்டு வந்துவிட்டது. பக்கவாட்டில் செயற்கைப் புல். சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ், சிக்லாப், புக்கிட் தீமா வட்டாரத் தரைவீடுகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். வீடு மாறியது, தெளிப்பான்களை நேரம் பார்த்து ஓட்டும், சுவரில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. புல் இருந்த காலத்தில் போட்ட நேரத்துக்கு அது வால்வைத் திறந்துகொண்டே இருக்கும்.

ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் தெளிப்புத் தலைகளின் தொகுதிதான் ஸோன். தேவையற்றுப்போன ஸோனைக் கன்ட்ரோலரில் நிறுத்தினால் போதுமா, வயரைக் கழற்ற வேண்டுமா, தெளிப்புத் தலைகளை அடைக்க வேண்டுமா, வால்வையே எடுத்துவிட வேண்டுமா, இல்லை தொட்டிச் செடிகளுக்குத் திருப்பிவிடலாமா? ஐந்துமே சரியான வழிகள்தாம், இடம் பார்த்துச் செய்தால். இடம் மாறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கையைக் கடிக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

திரும்பி வருமா? மழைக்காலம் முடியும்வரை நிறுத்துவது வேறு, மேலே ஓடு பதித்துவிடுவது வேறு. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதற்குப் பதில் வேண்டும்.

அழுத்தம் எதுவரை நிற்கிறது? எல்லா ஸோன்களுக்கும் முன்னால் நின்று மொத்தத் தண்ணீரையும் தடுக்கும் மாஸ்டர் வால்வு இல்லாத வீட்டில், ஒவ்வொரு ஸோன் வால்வின் வாசல் வரைக்கும் இரவு பகலாக முழு அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும். கன்ட்ரோலர் திரையில் ஓடும் நேரத்தை 0 நிமிடம் என்று போடுவதால் இது மாறாது. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் ஒன்றுதான் தடுப்பு. அதன் அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் கசிந்து, தாழ்வான தெளிப்புத் தலை வழியாக வெளியேறும். ஓடும் ஸோனில் இது கண்ணில் படும். மறந்துபோன ஸோனில் தண்ணீர்க் கட்டணச் சீட்டில்தான் தெரியும்.

தண்ணீர் எங்கே தேங்கும்? குளிர்நாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகப் பேசும் குழாய் உறைதல் நமக்கு இல்லை. கம்ப்ரசர் வைத்துக் குழாய்த் தண்ணீரை ஊதி வெளியேற்றும் வேலையை மறந்துவிடலாம். இங்கே அதன் இடத்தில் இருப்பது டெங்கி. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு 171 நாள் மழை, 2,113 மில்லிமீட்டர். முட்டையிலிருந்து முழு ஏடிஸ் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். மூடிய குழாய்க்குள் நிற்கும் தண்ணீரால் ஆபத்து இல்லை. வெட்டிவிட்டு வாய் திறந்தபடி விட்ட குழாய், வடிகால் இல்லாத வால்வுப் பெட்டி, தலையைக் கழற்றிய பின் மண்ணில் மிஞ்சும் குழி ஆகியவற்றில்தான் ஆபத்து.

மற்ற ஸோன்களுக்கு என்ன ஆகும்? பம்ப், பொது வயர், அழுத்தம் மூன்றையும் எல்லா ஸோன்களும் பகிர்ந்துகொள்கின்றன.

பணக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டர் தண்ணீரின் மொத்த விலை 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரி தனி. அதற்கு மேல் போனால் விலையும் ஏறும். 15 அடி அரைவட்ட நாசில் 2.1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் கொட்டும். அப்படி ஆறு தலை உள்ள ஸோன் தினமும் 8 நிமிடம் ஓடினால் நாளைக்கு 336 லிட்டர், மாதத்துக்கு 10 கன மீட்டர், ஏறத்தாழ 33 வெள்ளி. ஸோனே ஓடாமல், வால்வு மட்டும் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் கசிந்தாலும் மாதம் 4.3 கன மீட்டர், 14 வெள்ளி.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு காலத்துக்கு | அழுத்தம் எதுவரை | மறைந்த செலவு | திரும்பக் கொண்டுவர |
|---|---|---|---|---|
| கன்ட்ரோலரில் 0 நிமிடம் | சில வாரம் முதல் 3 மாதம் | வால்வு வரை | கவனிக்கப்படாத கசிவு, இறுகிப்போகும் டயஃப்ரம் | ஒரு நிமிடம் |
| வயரைக் கழற்றுவது | பழுதான வால்வைச் சரிசெய்யும் வரை | வால்வு வரை | பம்ப் வெறுமனே ஓடுவது | பத்து நிமிடம் |
| தலைகளை அடைப்பது | ஸோனில் பாதி இடம் மட்டும் மறைந்தால் | ஸோன் ஓடும்போது அடைத்த மூடி வரை | மீதித் தலைகளில் பனிப்புகை | அரை நாள் |
| வால்வை எடுத்து மூடுவது | நிரந்தரம் | வால்வு வரிசையோடு நின்றுவிடும் | பிளம்பர் கூலி | வெட்டி ஒட்ட வேண்டும் |
| சொட்டுநீராக மாற்றுவது | நிரந்தரம், பயனோடு | ஸோன் ஓடும்போது சொட்டுக்குழாய் வரை | வடிகட்டி பராமரிப்பு, தட்டில் தேங்கும் நீர் | அரை நாள் |

## கன்ட்ரோலரில் நிறுத்துவது

எளிமையான வழி. அதனாலேயே தவறான இடத்திலும் இதையே செய்துவிடுகிறோம்.

ஹண்டர் எக்ஸ்-கோர், ரெயின் பேர்டு இ.எஸ்.பி. போன்ற பரவலான கன்ட்ரோலர்களில் ஏ, பி, சி என்று மூன்று புரோகிராம் உண்டு, சில மாடல்களில் நான்கு. ஏ-யில் நான்காம் ஸோனை 0 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருப்போம். முன்பு எப்போதோ யாரோ பி-யில் போட்டு வைத்த 10 நிமிடம் அப்படியே இருக்கும். எல்லாப் புரோகிராமையும் திறந்து பாருங்கள். தொடக்க நேரத்தை அழிப்பது இதற்குப் பதிலாகாது. தொடக்க நேரம் புரோகிராமுக்கு உரியது, ஸோனுக்கு உரியதல்ல. அதை அழித்தால் மற்ற ஸோன்களும் சேர்ந்தே நின்றுவிடும்.

பழைய கன்ட்ரோலராக இருந்தால் இன்னொரு சிக்கல். மின்சாரம் போய், உள்ளே இருக்கும் பேட்டரியும் தீர்ந்திருந்தால், சில மாடல்கள் தொழிற்சாலைப் புரோகிராமுக்குத் திரும்பி, எல்லா ஸோனையும் தினமும் 10 நிமிடம் ஓட்டும். நீங்கள் போட்ட 0 காணாமல் போயிருக்கும். பராமரிப்புக்கு வருபவர் எல்லா ஸோனையும் வரிசையாக ஓட்டிப் பார்க்கும் சோதனையைத் தட்டினாலும், சில மாடல்களில் 0 போட்ட ஸோனும் திறந்துகொள்ளும். செயற்கைப் புல்லுக்கு அடியில் திடீரென்று தண்ணீர் பொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தற்காலிகமாகத்தான் நிறுத்துகிறீர்கள் என்றால், மாதம் ஒரு முறை அந்த ஸோனைக் கையால் 2 நிமிடம் ஓட்டுங்கள், பகலில், பக்கத்தில் நின்று பார்த்தபடி. டயஃப்ரம் ஒட்டிப்போகாது, எறும்பு மண் அடைத்த நாசில் உடனே தெரியும், வால்வு முழுதாக மூடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். நிறுத்தி 10 நிமிடம் கழித்தும் தாழ்வான தலையில் நீர் வடிந்தால் கசிவு. ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டால் அது குழாயில் மிஞ்சிய தண்ணீர்தான்.

எப்போது இது போதும்: நவம்பர் முதல் ஜனவரி வரை பருவமழையில் புல்லுக்குத் தண்ணீர் தேவைப்படாதபோது, விதைத்த புல் பிடிக்காமல் மறுபடி நடக் காத்திருக்கும்போது, வீட்டை விற்கும் எண்ணம் இருந்து, அடுத்தவர் தோட்டம் வேண்டும் என்று கேட்கக்கூடும் என்றால். மழைக்காகத்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் இதையெல்லாம் கையால் செய்யவே வேண்டாம், ஒரு மழை உணரி பொருத்திவிடுங்கள். இந்த ஊரில் அது இல்லாத தெளிப்பான் அமைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

## வயரைக் கழற்றுவது

கன்ட்ரோலருக்குள் அந்த ஸோனின் எண்ணுள்ள முனையிலிருந்து வயரை எடுத்து, நுனியில் டேப் சுற்றி, எண்ணை எழுதி வைப்பது. தொழிற்சாலைப் புரோகிராம் திரும்பினாலும் சோதனை ஓட்டம் நடந்தாலும் இனி வால்வு திறக்காது. 0 நிமிடத்தைவிட ஒரு படி உறுதியானது.

பலர் கவனிக்காத பொறி ஒன்று இதில் இருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டு, நிமிடத்தை 0 ஆக்க மறந்தால், கன்ட்ரோலருக்கு அந்த ஸோன் இல்லை என்று தெரியாது. அதன் நேரம் வந்ததும் மாஸ்டர் வால்வையும் பம்ப் ரிலேயையும் வழக்கம்போல் இயக்கும். வால்வு மூடியிருக்கும், பம்ப் ஓடும், தண்ணீர் போக வழி இருக்காது. தொட்டியிலிருந்து பம்ப் மூலம் நீர் பாய்ச்சும் வீட்டில் இப்படிப் பத்து நிமிடம் ஓடினால் பம்புக்குள் உள்ள தண்ணீர் சூடேறி சீல் கெடும். அதனால் வயரும் போக வேண்டும், நிமிடமும் 0 ஆக வேண்டும்.

தோட்டத்தில் வால்வுப் பெட்டிக்குள் வெட்டுவதாக இருந்தால் நிறத்தைக் கவனியுங்கள். வால்வில் இரண்டு வயர்: ஒன்று அந்த ஸோனுக்கு மட்டும் உரியது, மற்றது பொது வயர், பெரும்பாலும் வெள்ளை. பொது வயர் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தொடர்ந்து போகும். அதை இங்கே வெட்டினால் தோட்டத்தின் மறுகோடியில் ஒழுங்காக ஓடிய ஸோன்கள் நின்றுவிடும். காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். தனி வயரை மட்டும் பிரித்து, நுனியைக் கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பானுக்குள் சொருகுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் இந்த ஈரத்தில் ஓராண்டுகூடத் தாங்காது.

எப்போது இது சரி: சோலினாய்டு, அதாவது மின்சாரம் வந்ததும் வால்வைத் திறக்கும் சுருள், ஷார்ட் ஆகி, ஸோன் இயங்க முயலும் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் பிழை காட்டினால். மல்டிமீட்டரில் நல்ல சோலினாய்டு 20 முதல் 60 ஓம் காட்டும். 0-க்கு அருகே இருந்தால் ஷார்ட். எல்லையின்மை காட்டினால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. வால்வு மாற்றும்வரை வயரைக் கழற்றி வைப்பது நியாயமான இடைக்கால ஏற்பாடு. வால்வு கசிவதுதான் பிரச்சினை என்றால் வயரைக் கழற்றிப் பயனில்லை. மின்சாரம் இல்லாமலேதான் அது கசிகிறது.

வால்வின் மேல் நீரோட்டத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் (மலிவான மாடல்களில் இருக்காது) அதைக் கடிகார திசையில் முழுக்க மூடிவிடலாம். டயஃப்ரம் இருக்கையோடு சேர்த்து அழுத்தப்படும். மின்சாரம் வந்தாலும் வால்வு திறக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிறுத்தும்போது 0 நிமிடம், கழற்றிய வயர், மூடிய திருகு மூன்றும் சேர்ந்திருப்பதே பாதுகாப்பு.

## தெளிப்புத் தலைகளை அடைப்பது

நடைமுறையில் மிக அதிகமாக வரும் நிலைமை இதுதான். ஒரு ஸோன் முழுதாகத் தேவையற்றுப் போவது அபூர்வம். எட்டுத் தலையில் நான்கு சிமெண்டுக்குள் போகும். மீதி நான்கு வேலியோரச் செடிகளுக்குத் தண்ணீர் தந்தாக வேண்டும். ஸோனை நிறுத்தினால் செடி வாடும், விட்டால் காருக்குக் குளிப்பாட்டு.

மேலெழும் தலையாக இருந்தால் இரண்டு விதமாக அடைக்கலாம். நாசிலை மட்டும் கழற்றி, அதே கம்பெனியின் துளையில்லாத அடைப்பு நாசிலைப் போடுவது ஒன்று. தலை மண்ணிலேயே இருக்கும். நாளைக்கு வேண்டுமானால் இரண்டு நிமிட வேலை. தலையை முழுதாகக் கழற்றி, அடியில் நிற்கும் குழாயின் மரையில் பிளக் போடுவது மற்றது. மேலே ஓடோ சிமெண்டோ வருமானால் இரண்டாவதுதான் செய்ய வேண்டும். கனமான ஓட்டின் அடியில் பிளாஸ்டிக் தலையைப் புதைப்பது, பின்னாளில் உடையப்போகும் ஒரு மூட்டை விட்டுவைப்பதுதான்.

மரையில் ஒரு நுணுக்கம். அமெரிக்கத் தலைகள் அமெரிக்கத் தரமான என்.பி.டி. மரை, இங்கே வன்பொருள் கடையில் கிடைக்கும் மூடிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் தரமான பி.எஸ்.பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. அதனால் சில சுற்று நன்றாக ஏறும், பொருந்திவிட்டது போலவே தோன்றும். மரையின் கோணம் வேறு: என்.பி.டி.யில் 60 பாகை, பி.எஸ்.பி.யில் 55. அழுத்தம் ஏறும்போது கசியும். ஒரு அங்குல அளவில் என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 11.5 மரை, பி.எஸ்.பி.க்கு 11; அங்கே சரியாக ஏறாது. கழற்றிய தலையைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மரைக்கு மூடி கேளுங்கள். டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டு, கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும்.

அடைத்த பிறகு மீதித் தலைகளில் அழுத்தம் கூடும். தண்ணீர் துளியாக விழாமல் பனிப்புகை போலப் பறந்தால் அதுதான் அறிகுறி. காற்று வீசும் மாலையில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். வால்வின் திருகை அரைச் சுற்று, அரைச் சுற்றாகக் குறைத்து, புகை நின்று துளி வரும் இடத்தில் விடுங்கள். பம்ப் உள்ள வீட்டில், ஒரே ஒரு தலை மட்டும் மிஞ்சும்படி அடைக்காதீர்கள். நீரோட்டம் மிகக் குறைந்தால் பம்ப் அடிக்கடி அணைந்து எரியும். எல்லாத் தலையையும் அடைத்துவிட்டு வால்வை மட்டும் ஓடவிடுவது அதைவிட மோசம்; கிளைக்குழாயின் ஒவ்வொரு மூட்டும் முழு அழுத்தத்தில் நிற்கும்.

கழற்றிய தலை விட்டுச்சென்ற குழியை அன்றே மண்ணிட்டு மூடுங்கள். இரண்டு நாள் மழைக்கு அது நிரம்பிவிடும்.

## வால்வை எடுத்து மூடுவது

மேலே ஓடு, சிமெண்டு, நீச்சல்குளம் என்று நிரந்தரமாக ஏதாவது வரப்போகிறது என்றால் இதைத் தவிர மற்றதெல்லாம் ஒத்திப்போடுவதுதான். நேரம் முக்கியம்: ஒப்பந்தக்காரர் மண்ணைச் சமன் செய்வதற்கு முன்பு. ஓடு பதித்த பிறகு வால்வுப் பெட்டியைத் தேடுவது ஓட்டை உடைப்பதில்தான் முடியும். பெட்டியின் மேலேயே ஓடு பதித்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. அதன் அடியில் கசியும் வால்வு மண்ணை அரித்து ஓட்டை இறக்கும்.

வேலையின் வரிசை:

1. உடைக்கும் முன் ஒவ்வொரு ஸோனையும் ஓட்டி, எந்தத் தலை எந்த ஸோன் என்று கொடி நடுங்கள். ஒரே பள்ளத்தில் இரண்டு ஸோனின் குழாய்கள் போவது சாதாரணம். தேவையானதை வெட்டிவிடக் கூடாது.
2. தோட்டத்துக்குப் போகும் மெயினை மூடி, வேறொரு ஸோனைக் கையால் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள்.
3. வால்வு வரிசையிலிருந்து அந்த வால்வைப் பிரித்து, டீ (T வடிவ) இணைப்புக்கு எவ்வளவு ஒட்டி முடியுமோ அவ்வளவு ஒட்டி மூடி போடுங்கள். நீளமான குட்டைக் குழாயை விட்டால் அதில் பழைய தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.
4. வால்வுக்கு அப்பால் உள்ள கிளைக்குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அழுத்தம் இல்லாத குழாய் மண்ணுக்குள் கிடப்பதில் தீங்கில்லை. இரு முனைகளையும், தலைகள் கழற்றிய இடங்களையும் மட்டும் மூடிவிடுங்கள்.
5. ஒட்டிய மூட்டில் உடனே அழுத்தம் ஏற்ற வேண்டாம். இங்குள்ள ஈரப்பதத்தில் ஒரு நாள் விடுவது நல்லது.

மெயின் பக்கம் வெட்டி ஒட்டும் வேலையைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரிடம் கொடுங்கள். அது குடிநீர்க் குழாயோடு இணைந்த பகுதி. தோட்டத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் கருவியும் அங்கேதான் இருக்கும். தோட்ட ஒப்பந்தக்காரர் நாங்களே செய்துவிடுகிறோம் என்பார். கிளைக்குழாய் வரைக்கும் அவர் செய்யட்டும்.

## சொட்டுநீராக மாற்றுவது

புல் போன இடத்தில் பெரும்பாலும் தொட்டிகள் வந்துவிடும்: கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, ரம்பை, ஒரு எலுமிச்சை. தினமும் குவளையும் கையுமாக நிற்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் வால்வையும் வயரையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு தலையைத் தவிர மற்றவற்றை அடைத்து, அந்த ஒன்றின் இடத்தில் வடிகட்டியும் அழுத்தக் குறைப்பானும் பொருத்தி, 16 மில்லிமீட்டர் சொட்டுக்குழாயை எடுத்துச் செல்வதுதான் வேலை. வடிகட்டி 120 முதல் 150 மெஷ், அழுத்தம் 1.5 முதல் 2 பார். அழுத்தக் குறைப்பான் இல்லாமல் விட்டால் சொட்டான்கள் தெறித்துக் கழன்று ஓடும்.

நீரோட்டக் கணக்கை முதலில் போடுங்கள். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டான் நாற்பது வைத்தால் மணிக்கு 80 லிட்டர், நிமிடத்துக்கு 1.3 லிட்டர். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு குறைந்தபட்ச நீரோட்ட அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் டயஃப்ரம் சரியாக மூடாது. பத்துத் தொட்டிக்காக மட்டும் பெரிய வால்வை ஓட்டுவது இதனால் சரிவராது. பம்ப் இருந்தால் அது அணைந்து எரிவதும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவு சில தொட்டிகளுக்கு, தோட்டக் குழாயில் மாட்டும் பேட்டரி டைமர் போதும்.

சொட்டுநீருக்கு 30, 40 நிமிடம் வேண்டும், தெளிப்பானுக்கு 8. இரண்டையும் ஒரே புரோகிராமில் போடாமல் சொட்டுநீரை பி-க்குத் தனியாக மாற்றுங்கள். வடிகட்டியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்: தானாக ஓடும் தண்ணீர், யாரும் பார்க்காத தட்டு, ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டில் இனப்பெருக்க இடம் கண்டுபிடிக்கப்பட்டால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான், டைமருக்கு இல்லை.

## எந்த வழியானாலும் வேலை முடிந்ததும்

வால்வுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அடியில் 10 சென்டிமீட்டர் ஜல்லி இருந்து மழைநீர் இறங்கினால் சரி. களிமண் மட்டும் இருந்து நீர் நின்றால், தோண்டி ஜல்லி போடுங்கள். உடைந்த மூடியை மாற்றுங்கள்.

பிறகு வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைப் படமெடுத்து, இரவு முழுதும் தொடாமல் காலையில் மறுபடி பாருங்கள். தொட்டி நிரப்பும் மிதவையும் தெளிப்பான் புரோகிராமும் அந்த இரவு நிறுத்தியிருக்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் ஒவ்வொரு ஸோனின் திருகாக மூடித் தேடலாம்.

கடைசியாக, கன்ட்ரோலர் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: ஸோன் எண், எங்கே இருந்தது, எந்த வழியில் நிறுத்தப்பட்டது, தேதி. ஓடு பதிக்கும் முன் திறந்த பள்ளத்தையும் மூடிய டீயையும், சுவரிலிருந்து அளவு நாடா விரித்து வைத்து, படம் எடுத்து அதே காகிதத்தோடு சேர்த்து வையுங்கள்.